ரத்தமா, வளர்ப்பா? பிள்ளைகளின் கவனக் குறைபாடு எங்கிருந்து வருகிறது

வகுப்பில் ஒரு பையன் நிலைகொள்ளாமல் இருந்தால் நம்மிடம் தீர்ப்பு இரண்டே வகைதான். வீட்டுப் பெரியவர்கள், "இவன் அப்பனும் சின்ன வயசில் இப்படித்தான், ஒரு இடத்தில் உட்கார மாட்டான்" என்பார்கள். அக்கம்பக்கத்தில், "வீட்டில் தினமும் சண்டை, பிள்ளைக்கு எப்படிப் படிப்பு ஏறும்?" என்பார்கள். ஒன்று ரத்தம், இன்னொன்று வளர்ப்பு. ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய இதே இரண்டு கட்சியாக நின்று பல வருடம் வாதாடியிருக்கிறார்கள். பெரியவர்கள் சொல்வதும் பொய்யில்லை, அக்கம்பக்கம் சொல்வதும் முழுப் பொய்யில்லை. சிக்கல் என்னவென்றால், ரத்தத்தையும் வளர்ப்பையும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒரே ஆட்கள்தான். எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தத் துறையில் முக்கால்வாசி வேலை. அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் பிரச்சினை எது என்று பார்த்துவிடலாம். டாக்டர்கள் ஏடிஹெச்டி என்று சொல்வதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: கவனம் ஒன்றில் நிற்காதது, உடம்பு ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பது, யோசிப்பதற்குள் செய்துவிடுவது. மூன்றும் எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் உண்டு. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்து, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்து, அன்றாட வாழ்க்கையையே கெடுக்கிற அளவுக்குப் போனால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கணக்கு.

இது அம்மை போல வந்தது, வரவில்லை என்று சொல்லிவிடக்கூடிய நோய் அல்ல. ரத்த அழுத்தம் மாதிரி. எல்லோருக்கும் ஓர் அளவு இருக்கிறது, எங்கே கோடு போடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்தக் கோடு எவ்வளவு நெளியும் என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-ல் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். அங்கே டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பு. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, அதே வகுப்பில் உள்ள ஜனவரிப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக இந்தப் பெயர் வைக்கப்பட்டிருந்தது. பதினோரு மாதம் சின்னவனின் சின்னத்தனத்தையே நோய் என்று எண்ணியிருக்கிறார்கள். இதற்காக நோயே பொய் என்று ஆகிவிடாது. யாரை எண்ணுகிறோம் என்பதில் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

மரபணுவின் பங்கு

பெரியவர்களின் கட்சியிடம் இருக்கும் பெரிய சாட்சி இரட்டையர்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட முழுவதும் ஒன்று. இரண்டு கருவாக வளர்ந்த இரட்டையர், மரபணுவைப் பொறுத்தவரை சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான். ஒருவருக்கொருவர் மாறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதி பொது. இரு ஜோடிகளும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில்தான் வளர்கின்றன. அப்படியிருந்தும் முதல் வகை ஜோடியில் இருவரும் கவனக் குறைபாட்டில் ஒத்துப்போவது இரண்டாம் வகையைவிட மிக அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் மரபணுவால் வந்தது என்று கொள்ளலாம். இப்படிச் செய்யப்பட்ட 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மரபுப் பங்கு சராசரியாக 74 சதவீதம் என்று வந்தது. மனச்சோர்வு நோயின் மரபுப் பங்கு இதில் ஏறத்தாழ பாதிதான்.

இந்த 74-ஐ எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள். "என் மகனின் பிரச்சினையில் 74 சதவீதம் மரபணு, 26 சதவீதம் நான்" என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு கூட்டத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து போகிறது என்பதுதான் கணக்கு. தனி ஒரு பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. "மரபு என்றால் மாற்ற முடியாது" என்பதும் தவறு. பினைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய் உண்டு. ஒரே ஒரு மரபணு கெட்டதால் வருவது. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கும். பிறந்தவுடன் கண்டுபிடித்து, புரதத்தைக் கட்டுப்படுத்தும் தனி உணவு கொடுத்தால் குழந்தை ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வளர்ந்துவிடும். காரணம் முழுக்க மரபணு, வைத்தியம் முழுக்கச் சாப்பாடு.

சரி, அந்த மரபணுக்கள் எவை? 1990-களிலும் அதற்குப் பிறகும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒன்றிரண்டு மரபணுக்களைப் பிடித்துக்கொண்டு நிறைய ஆய்வுகள் வந்தன. "இந்த மரபணுவோடு இந்தக் கஷ்டமும் சேர்ந்தால் இந்த நோய்" என்று அழகான கதைகளும் கூடவே வந்தன. பெரிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அவற்றில் பல நிற்கவில்லை. சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு பெரிய முடிவு சொன்ன காலம் அது. பழைய கட்டுரைகளில் "ஏடிஹெச்டி ஜீன்" என்று எங்காவது பார்த்தால் தாண்டிப் போய்விடலாம்.

இப்போது மரபணுத் தொகுப்பு முழுவதையும் அலசுகிறார்கள். 2023-ல் வெளியான ஆய்வில் ஏடிஹெச்டி உள்ள 38,691 பேரையும் இல்லாத 1,86,843 பேரையும் ஒப்பிட்டார்கள். ஏடிஹெச்டியோடு தொடர்பு உறுதியாகத் தெரிந்த இடங்கள் அந்தத் தொகுப்பில் 27. இந்த 27 வெறும் முனைதான். மக்களிடம் பொதுவாகக் காணப்படும் மரபணு மாற்றங்களில் ஏறத்தாழ 7,300 இதில் பங்கு வகிப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஒவ்வொன்றின் வேலையும் கடுகளவு. அதிலும் பெரும்பாலானவை மனச்சோர்வு, போதைப் பழக்கம், படிப்பில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பது போன்ற வேறு விஷயங்களோடும் தொடர்புள்ளவை. ஏடிஹெச்டிக்கென்று தனி மரபணு கிடையாது என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்கு இது தேவைப்படும்.

பட்ட கஷ்டம்

மறு கட்சியின் சாட்சியும் லேசானதல்ல. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் சான் டியேகோவில், கைசர் பெர்மனென்ட்டே என்ற மருத்துவ நிறுவனத்தில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். அடி வாங்கினீர்களா, யாராவது தகாத முறையில் நடந்தார்களா, பசியிலோ கவனிப்பில்லாமலோ விட்டார்களா, அம்மாவை யாராவது அடித்தார்களா, வீட்டில் குடியோ மனநோயோ இருந்ததா, பெற்றோர் பிரிந்தார்களா, யாராவது சிறைக்குப் போனார்களா என்கிற மாதிரி. இந்தக் கேள்விகள் பிறகு பத்து வகையாக நிலைத்தன. எத்தனைக்கு "ஆமாம்" என்கிறார்களோ அத்தனை மதிப்பெண். மதிப்பெண் கூடக்கூட இதய நோய், குடி, மனச்சோர்வு எல்லாம் கூடிக்கொண்டே போனதாக 1998-ல் எழுதினார்கள். அதன் பிறகு கவனக் குறைபாட்டுக்கும் இதே கேள்விகளைப் போட்டுப் பார்த்தவர்கள் பலர். மதிப்பெண் அதிகமுள்ள பிள்ளைகளிடம் கவனக் குறைபாடும் அதிகம் என்பது திரும்பத் திரும்ப வந்தது.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குடி, மனநோய், மணமுறிவு, சிறை. சின்ன வயதில் கவனிக்கப்படாமல் விட்ட ஏடிஹெச்டியோடு வளர்ந்த ஒருவருக்குப் பிற்காலத்தில் நேரக்கூடிய விபரீதங்களும் கிட்டத்தட்ட இவைதான். அவசரத்தில் முடிவெடுக்கிறவர், வேலையில் நிலைக்காதவர், குடிக்குப் போகிறவர் அப்பாவாக ஆனால் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன: அவருடைய மரபணுவில் பாதி, அவர் நடத்துகிற வீடு முழுசு. கஷ்ட மதிப்பெண் என்று நாம் எண்ணுவதில் பெற்றோரின் மரபணுவும் மறைந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டியல் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் "கஷ்டம் அதிகம், கவனக் குறைபாடும் அதிகம்" என்பதை வைத்து மட்டும் "கஷ்டத்தால் கவனம் போனது" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு கெட்டிக்காரத்தனமான வழி பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள். கர்ப்பகாலத்தில் புகை பிடிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி அதிகம் என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். நிகோடின்தான் மூளையைக் கெடுக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் டெஸ்ட் டியூப் முறையில் பிறந்த பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். சிலருக்குக் கருமுட்டை சுமந்த தாயுடையது; சிலருக்கு வேறு பெண் தானம் கொடுத்தது. தானக் கருமுட்டையில் பிறந்த பிள்ளை தாயின் வயிற்றில்தான் வளர்ந்தது, அவர் இழுத்த புகை அதற்கும் போயிருக்கும். ஆனால் அவருடைய மரபணு அதற்கு இல்லை. பிறந்தபோது எடை குறைவது இரண்டு வகைப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி இருந்தது. அது புகையின் வேலை, சந்தேகமில்லை. கவனக் குறைபாட்டோடு புகைக்கு இருந்த தொடர்போ சொந்தக் கருமுட்டைப் பிள்ளைகளிடம்தான் பலமாக இருந்தது. 2009-ல் இது வந்தது. பிறகு ஸ்வீடனில் ஒரே தாயின் பிள்ளைகளை, ஒரு கர்ப்பத்தில் புகைத்தவர் இன்னொன்றில் புகைக்காத குடும்பங்களில், ஒப்பிட்டபோதும் ஏறக்குறைய இதே முடிவுதான் கிடைத்தது. புகையின் கணக்கில் எழுதியதில் பெரும்பகுதி தாயின் மரபணுக் கணக்கில் எழுத வேண்டியது.

அதே ஸ்வீடனில் வறுமையையும் இப்படிச் சோதித்தார்கள். குழந்தைப் பருவத்தில் குடும்ப வருமானம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி அதிகம். ஒரே குடும்பத்தில் வருமானம் குறைந்த காலத்தில் பிறந்தவரையும் கூடிய காலத்தில் பிறந்தவரையும் ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் நன்றாகச் சுருங்கியது. ஆனால் பூஜ்யமாகவில்லை. புகையில் கிட்டத்தட்ட மறைந்துபோனது வறுமையில் கொஞ்சம் மிஞ்சி நின்றது.

ருமேனியா

கஷ்டம் மட்டுமே, மரபணுவின் துணை இல்லாமல், பிள்ளையின் கவனத்தைக் கெடுக்குமா? இதற்கு இதுவரை கிடைத்ததில் மிகத் தெளிவான பதில் யாரும் விரும்பி ஏற்படுத்தாத ஒரு கொடுமையிலிருந்து வந்தது.

ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தார். மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வளர்க்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்படிப்பட்ட இல்லங்களில் கிடந்தார்கள். கிடந்தார்கள் என்பது சரியான சொல்தான்: நாளெல்லாம் கட்டிலிலேயே, பேச ஆளில்லாமல், விளையாட ஒன்றுமில்லாமல், பசியோடு.

அவர்களில் சிலரைப் பிரிட்டிஷ் குடும்பங்கள் தத்தெடுத்தன. மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 165 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒப்பிட, பிரிட்டனுக்குள்ளேயே சிறு குழந்தைகளாகத் தத்தெடுக்கப்பட்ட 52 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆய்வின் பலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வளர்த்தவர்கள் ரத்த உறவில்லை. அதனால் வீடும் மரபணுவும் ஒரே ஆளிடமிருந்து வரும் சிக்கல் இங்கே அறுந்துவிட்டது. இன்னொன்று, பெரும்பாலோர் பிறந்த சில வாரங்களிலேயே இல்லத்துக்குப் போனவர்கள். ஒருவன் அங்கே மூன்று மாதம் இருந்தானா மூன்று வருடம் இருந்தானா என்பதைத் தீர்மானித்தது அவன் குணம் அல்ல. ஆட்சி எப்போது கவிழ்ந்தது என்பதுதான்.

ஆறு மாதத்துக்குள் வெளியே வந்தவர்கள் பிரிட்டிஷ் பிள்ளைகளிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. அதற்கு மேல் இருந்தவர்களிடம் கவனக் குறைபாடும் வேறு சில சிக்கல்களும் தெளிவாக அதிகம். சத்துக் குறைவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். அவர்கள் 22-லிருந்து 25 வயது வரை ஆனபோது மறுபடி பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. சின்ன வயதில் பின்தங்கியிருந்த அறிவுத்திறன் பெரும்பாலும் தேறியிருந்தது. கவனக் குறைபாடு தேறவில்லை. இருபது வருடம் நல்ல குடும்பத்தில், அக்கறையான பெற்றோரிடம் வளர்ந்த பிறகும் இந்த நிலை. மூளையைப் படமெடுத்தபோது பிரிட்டிஷ் பிள்ளைகளுடையதைவிடச் சராசரியாக 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. இல்லத்தில் இருந்த மாதங்கள் கூடக்கூட அளவு குறைந்தது.

கூடவே இதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தவர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் எந்தச் சிக்கலும் வரவில்லை. ஒரே இல்லம், ஒரே பசி, ஆனால் ஒரே விளைவு இல்லை. ஏன் என்பதில் மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம் என்று தேடுகிறார்கள். 165 பேரை வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது கஷ்டம்.

ருமேனியாவுக்குள்ளேயே புகாரெஸ்டில் 136 சிறு குழந்தைகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். சீட்டுப்போட்ட மாதிரி பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான ஏற்பாடே தொடர்ந்தது. நாலரை வயதில் பார்த்தபோது குடும்பத்துக்குப் போனவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் பாதியாகக் குறைந்திருந்தன. ஏடிஹெச்டியில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால், கவனம் மற்றவற்றைவிடச் சீக்கிரமாகவே, ரொம்பச் சின்ன வயதிலேயே, சேதப்பட்டுவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதை அப்படியே எடுத்துவந்து, வேலை போன அப்பா இருக்கும் வீட்டுக்கோ அத்தை வீட்டில் வளரும் பிள்ளைக்கோ பொருத்திவிடக் கூடாது. ருமேனிய இல்லம் கஷ்டத்தின் கடைசி எல்லை. சாதாரண வீட்டுக் கஷ்டத்தின் பாதிப்பு இதைவிடச் சிறியது.

இரண்டும் சேரும்போது

74 சதவீதத்துக்கு ஒரு முறை திரும்ப வேண்டியிருக்கிறது. ஓயாமல் ஓடி, கேட்டது காதில் விழாமல், நாளுக்கு நாலு பொருளை உடைக்கும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகத் திட்டும் அடியும் விழும். அவனுடைய மரபணுவே அவனுக்கு அடி வாங்கிக் கொடுக்கிறது. (அடிப்பது அடிக்கிறவரின் செயல்தான், அதற்குப் பிள்ளையின் மரபணுவைச் சாக்காகச் சொல்ல முடியாது.) அந்த அடி அவனுடைய பதற்றத்தைக் கூட்டி, கவனத்தை இன்னும் குலைத்தால், இரட்டையர் கணக்கு அதை எந்தப் பத்தியில் எழுதும்? மரபணுப் பத்தியில். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் இருவருமே அப்படி அடி வாங்கியிருப்பார்கள் அல்லவா? அதேபோல, ஒரே வீட்டுக் கஷ்டம் மரபணுவுக்குத் தக்கபடி ஒருவரை அதிகமாகவும் இன்னொருவரைக் குறைவாகவும் பாதித்தால் அதுவும் மரபணுக் கணக்கிலேயே சேரும். 74-க்குள் சூழலும் ஒளிந்திருக்கிறது. கஷ்ட மதிப்பெண்ணுக்குள் மரபணு ஒளிந்திருப்பது போலவே.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2018-ல் ஐஸ்லாந்தில், பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வந்து சேராத மரபணுக்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் உடம்பிலேயே இல்லாத அந்த மரபணுக்களும் அவன் எவ்வளவு படிக்கிறான் என்பதோடு தொடர்பு காட்டின. வந்து சேர்ந்தவற்றின் பலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம். எப்படி? பெற்றோரின் மரபணு பெற்றோரின் நடத்தையை மாற்றுகிறது, அந்த நடத்தை வீட்டை மாற்றுகிறது, வீடு பிள்ளையை மாற்றுகிறது. இது படிப்பைப் பற்றிய ஆய்வு, ஏடிஹெச்டி பற்றியது அல்ல. ஆனால் ரத்தமும் வளர்ப்பும் தனித்தனிக் குழாயில் வருவதில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தெரியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். ஆயிரக்கணக்கான மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட முடியும், ஆராய்ச்சிக்கு அது பயன்படுகிறது. ஒரு தனிப் பிள்ளைக்கு ஏடிஹெச்டி உண்டா இல்லையா என்று சொல்ல அது உதவாது. மேலும் நான் சொன்ன பெரிய ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த மதிப்பெண் நம்மைப் போன்ற தெற்காசியர்களிடம் இன்னும் மோசமாகத்தான் வேலை செய்யும். காசு மிச்சம்.

காசு செலவில்லாத கேள்விகள்தான் டாக்டருக்கு அதிகம் உதவுகின்றன. வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா? எந்த வயதில் தொடங்கியது? எதற்குப் பிறகு தொடங்கியது? அடியும் பயமும் உள்ள வீட்டில் வளரும் பிள்ளை எப்போதும் கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பான், தூக்கம் கெட்டிருக்கும், கரும்பலகையில் மனம் நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஏடிஹெச்டி மாதிரியே இருக்கும். நன்றாக இருந்த பிள்ளை ஒன்பது வயதில், ஒரு சம்பவத்துக்குப் பிறகு திடீரென்று மாறினால் முதலில் அந்தச் சம்பவத்தைத்தான் விசாரிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு மாத்திரையும் தேவைப்படலாம், வீட்டில் அடி நிற்பதும் தேவை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட முடியாது.

கடைசியாக, டாக்டரிடம் போகும் பெற்றோர் தங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையை எப்படிக் கையாளுவது என்று பெற்றோருக்குச் சொல்லித்தரும் பயிற்சிகள் உண்டு, பலருக்கு நல்ல பலன் தருகின்றன. 2002-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில், தாய்க்கே ஏடிஹெச்டி அறிகுறிகள் அதிகமாக இருந்த வீடுகளில் அந்தப் பயிற்சியால் பிள்ளைக்கு முன்னேற்றம் அவ்வளவாக இல்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே விதியை, கோபப்படாமல் கடைப்பிடியுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைச் செய்யத் தேவையானது எதுவோ அதுதான் அந்தத் தாயிடமும் குறைவாக இருந்தது. "அவன் அப்பனும் இப்படித்தான்" என்று பாட்டி சொன்னால், அப்பனையும் ஒரு தடவை காட்டிவிட்டு வருவது நல்லது.